அண்ணனுக்கு மறுத்த சிட்டா

என் நிலத்தில் நெல் விளைவித்தவர், அந்த நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் போடுவதற்காக என்னிடம் சிட்டா கேட்டார். கொடுக்கவில்லை. அதே போகத்தில் நெல் வியாபாரி ஒருவர் அதே சிட்டாவைக் கேட்டார். கொடுத்தேன். 2025ஆம் ஆண்டு நவரைப் பட்டத்தில் நான் செய்த காரியம் இது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது எனக்குப் பணமுடையும் கிடையாது. தெரிந்தேதான் செய்தேன்.

இதைப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் என்னைப்போல் பூர்வீக நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். நெல் விவசாயிக்கு விலை கிடைக்கவில்லை என்று பேசும்போது நாங்கள் வியாபாரியைச் சொல்வோம், அரசாங்கத்தைச் சொல்வோம், மழையைச் சொல்வோம். எங்களைச் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நிலம் திருமழிசையைத் தாண்டி, ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. இரண்டு ஏக்கர். அப்பாவுக்குப் பிறகு அக்கா பேரிலும் என் பேரிலும் கூட்டுப் பட்டா. நான் சின்ன வயதிலேயே அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு லேத் வேலைக்கு வந்துவிட்டேன். நாற்று பறிக்கத் தெரியும், அண்டை வெட்டத் தெரியும். ஆனால் ஒரு போகத்தை முழுதாக நான் நின்று எடுத்ததில்லை. அப்பா முடியாமல் படுத்ததிலிருந்து அந்த நிலத்தைப் பார்ப்பவர் அதே ஊர்க்காரர். வயதில் மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லை. குத்தகைக்குத் தாள் கிடையாது. அப்பா வாயால் சொன்னார், அவர் ஏரைப் பூட்டினார்.

குத்தகை ஏக்கருக்கு 6 மூட்டை. மூட்டை என்றால் எங்கள் பக்கம் 80 கிலோ. அப்பா இருந்தவரை அது நெல்லாகவே வீட்டுக்கு வரும். நான் அடுக்குமாடிக்குப் போனபின் மூட்டையை வைக்க இடமில்லை, காசாகக் கொடுங்கள் என்றேன். எந்த விலைக்கு என்று கேட்டார். சர்க்கார் விலைக்கு என்றேன். பேரம் இல்லாமல் இருக்கும், இரண்டு பேருக்கும் நல்லது என்று அப்போது சொன்னேன். அவர் சரி என்றார். அந்த ஏற்பாட்டில் எவ்வளவு அநியாயம் இருந்தது என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

2024–25 கொள்முதல் பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அதன்மேல் தமிழக அரசின் ஊக்கத்தொகை 105. மொத்தம் 2,405. எங்கள் பக்கம் நவரையில் அதிகம் போடுவது ஏ.டி.டி. 37. இட்லி அரிசிக்குப் போகும் குண்டு நெல். அது சாதாரண ரகத்தில்தான் சேரும். 80 கிலோ மூட்டைக்கு அரசு விலைப்படி 1,924 ரூபாய் ஆகிறது. அண்ணனுக்கு வியாபாரி கொடுத்தது 1,350. அதிலும் ஈரம், தூசு, சாக்கு என்று சொல்லி மூட்டைக்கு 2 கிலோ கூடுதலாக வைத்து நிறுத்துக்கொண்டார்.

அந்தப் போகத்தில் 54 மூட்டை கண்டது. எனக்குச் சேரவேண்டிய 12 மூட்டைக்கு நான் வாங்கியது 23,088 ரூபாய். அரசு விலை. அந்தப் பணத்தைப் புரட்ட அவர் வியாபாரியிடம் 17 மூட்டைக்கு மேல் விற்க வேண்டியிருந்தது. அதாவது 12 மூட்டைக் குத்தகை என்று பேசிவிட்டு 17 மூட்டை வாங்கியிருக்கிறேன். அரசு விலையில் விற்க வழியில்லாமல் செய்ததும் நான், அரசு விலையில் குத்தகை வாங்கியதும் நான்.

வழியில்லாமல் செய்தது எப்படி என்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சர்வே எண்ணைப் பார்த்து, இந்த நிலத்தில் இவர் இவ்வளவு நெல் பயிர் செய்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் உறுதி செய்ய வேண்டும். சிட்டா நகலை இன்று இணையத்தில் எவரும் எடுத்துவிடலாம். அது பெரிய விஷயமில்லை. நிலம் ஒருவர் பேரிலும் பயிர் இன்னொருவர் கையிலும் இருக்கும்போது நிலக்காரர் சம்மதம் எங்கே என்றுதான் கேட்பார்கள். ஊரில் எல்லோரும் சுருக்கமாக ‘சிட்டா குடுங்க’ என்று கேட்பதற்குள் இந்தச் சம்மதம்தான் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில், இவர்தான் என் நிலத்தைப் பயிர் செய்கிறார் என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். அரை மணி நேர வேலை.

அண்ணன் பல போகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன். பெரும்பாலும் அக்காவைக் கேட்க வேண்டும் என்பேன். கூட்டுப் பட்டா அல்லவா, அவள் கையெழுத்தும் வேண்டும், அவள் மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருக்கிறாள், வந்ததும் கேட்கிறேன். அக்காவிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

2025 ஏப்ரலில் அறுப்புக்கு முன்னால் அம்பத்தூருக்கே வந்துவிட்டார். பூந்தமல்லியில் பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், மோர் கொடுத்தோம். “உங்க பேர்லயே போடுங்க தம்பி. பணமும் உங்க கணக்குக்கே வரட்டும். குத்தகையைப் பிடிச்சிக்கினு மீதியைக் குடுங்க, போதும்” என்றார். என் பயம் எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லாமல், அந்தப் பயத்துக்கு இடமில்லாத ஒரு வழியை அவரே யோசித்துக்கொண்டு வந்திருந்தார். அதற்கும் நான், பார்க்கிறேன் அண்ணே, அக்கா வரட்டும் என்றேன்.

நிலம் போய்விடும் என்பதுதான் அந்தப் பயம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் வெளிவட்டச் சாலை வந்தபின் எங்கள் பக்கம் நிலத்தின் விலை நெல்லோடு சம்பந்தமில்லாத இடத்துக்குப் போய்விட்டது. மனைத் தரகர்கள் மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். நாளைக்கு விற்கும்போது அடங்கலில் இன்னொருவர் பேர் இருந்தால் வில்லங்கம், கொள்முதல் ரசீதில் அவர் பேர் வந்தால் அதைக் கோர்ட்டில் காட்டுவார், ஒரு சென்ட்டுக்கு இவ்வளவு கேட்பார் என்று வேலை செய்த இடத்தில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர்களும் நிலக்காரர்கள். நான் விசாரிக்கவில்லை, அப்படியே நம்பினேன்.

பிறகுதான் விசாரித்தேன். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், பிறர் நிலத்தில் தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தார் உழைப்பையோ போட்டுப் பயிர் செய்பவரைக் குத்தகைதாரர் என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. வாய்ப்பேச்சும் நடைமுறையும் போதும். குத்தகையைச் சரியாகக் கட்டிக்கொண்டிருப்பவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கு 1969இல் தனிச் சட்டமும் வந்தது. ஆக, அண்ணனுக்கு உள்ள உரிமை அவர் ஏர் பூட்டிய நாளிலிருந்து இருப்பது. நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் புதிதாகக் கொடுக்கப்போவது எதுவுமில்லை. அந்த உரிமைக்குச் சாட்சி இல்லாமல் செய்வதுதான் என் நோக்கமாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போது கை கூசுகிறது. வேறு விதமாக எழுதினால் பொய்யாகும்.

வியாபாரி விஷயத்துக்கு வருகிறேன். அவர் பேரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. எந்தக் கொள்முதல் நிலையம் என்பதையும் சொல்லமாட்டேன். என் குற்றத்தைச் சொல்ல வந்த இடத்தில் இன்னொருவர் தலையில் பாரத்தை ஏற்றக் கூடாது. மே மாதம் போன் செய்தார். உங்கள் சர்வே எண்ணில் இந்தப் பட்டத்துக்கு யாரும் பதிவு போடவில்லையாமே, சிட்டா, ஆதார், பாஸ் புத்தக நகல் கொடுங்கள், போனுக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள், 3,000 ரூபாய் தருகிறேன் என்றார். விவசாயிகளின் ஆவணத்தை வாங்கி வியாபாரிகள் நெல் போடுவது நடக்கிற காரியம்தான், செய்தித்தாள்களில் ஒவ்வொரு பருவமும் வருகிறது. படித்துவிட்டு நானே கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் மனதில் ஓடியது வேறு. வியாபாரி என் நிலத்தைக் கேட்கமாட்டார். என் பேரில் ரசீது வந்தால் நிலத்தை நானே பயிர் செய்வதாக ஆவணம் ஆகும். அது எனக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். அன்று மாலையே நகல்களை அனுப்பிவிட்டேன். அக்காவைக் கேட்க வேண்டும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

யாருடைய நெல் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து வங்கியிலிருந்து செய்தி வந்தது. 1,03,896 ரூபாய் வரவு. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைதான். 40 கிலோ மூட்டைக்கு 962 ரூபாய். வகுத்துப் பார்த்தால் 108 மூட்டை. எங்கள் பக்கத்து மூட்டையில் 54. குத்தகைப் பணம் கொடுக்க வந்தபோது அண்ணன் சொன்ன எண்ணிக்கை அதுதான். அவருடைய நெல் களத்திலிருந்து வியாபாரியின் வண்டியில் ஏறி, என் பேரில் நிறுவையாகி, என் கணக்குக்குப் பணமாக வந்திருக்கிறது. அவர் வாங்கியது 72,900. வித்தியாசம் 30,996. போனைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை. மறுநாள் பணத்தை எடுத்து, 3,000 ரூபாயை வைத்துக்கொண்டு, மீதியை வியாபாரியிடம் கொடுத்தேன்.

கொள்முதல் ஆவணங்களைப் பார்க்கிறவர்களுக்கு எந்தப் பொய்யும் தெரியாது. நிலம் இருக்கிறது, அதில் நெல் விளைந்தது, அடங்கல் உண்மை. நெல் யாருடையது என்ற ஒன்றுதான் பொய். அந்த ஒன்று உண்மையாக இருப்பதற்காகத்தான் இந்தக் கொள்முதல் ஏற்பாடு முழுவதும் இருக்கிறது. விளைவித்தவனுக்குக் குறைந்தபட்ச விலையாவது போய்ச் சேர வேண்டும் என்று அரசு கொடுக்கும் பணம், அதை நான் பாதி வழியில் திருப்பிவிட்டேன்.

சிறு விவசாயி ஏன் வியாபாரியிடம் போகிறான் என்பதை நான் நன்றாக அறிந்தவன் என்பதையும் சொல்ல வேண்டும். வியாபாரி வயலுக்கே வண்டி கொண்டுவருவார். உரத்துக்கு முன்பணம் கொடுப்பார். அறுப்பு வண்டி வாடகையைத் தான் கட்டிவிட்டுக் கழித்துக்கொள்வார். நிறுத்த இடத்தில் காசு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதத்துக்குள் இருக்க வேண்டும். இயந்திரம் அறுத்த நெல்லில் அது உடனே வராது. இரண்டு மூன்று நாள் காய வைக்க வேண்டும். காய வைக்கக் களம் வேண்டும். எங்கள் பக்கம் களமெல்லாம் கட்டடமாகிவிட்டது, சாலையோரத்தில் கொட்டித்தான் காய வைக்கிறார்கள். முறை வருகிறவரை மூட்டைக்குக் காவல் இருக்க வேண்டும். ஒரு கோடை மழை பெய்தால் நெல் முளைத்துவிடும். மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள் என்ற புகாரும் உண்டு. இத்தனையையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நண்பர்களிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். புள்ளிவிவரமும் சொல்வேன். நாடு முழுவதும் 6 சதம் விவசாயிகள்தான் ஆதார விலைக்கு அரசு அமைப்புகளிடம் விற்கிறார்கள் என்று 2015இல் சாந்தகுமார் குழு சொன்னதை எடுத்துக்காட்டுவேன். மீதி 94 சதத்தில் ஒருவர் என் நிலத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் களம் இல்லாததற்கோ வரிசை நீளமாக இருந்ததற்கோ நான் பொறுப்பில்லை. ஆனால் அந்தத் தடைகளையெல்லாம் அவர் தாண்டத் தயாராக இருந்தார். தார்ப்பாய் வாங்கி வைத்திருந்தார். தாண்ட முடியாத தடை நான் ஒருவன்தான்.

விளைச்சலில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. செவ்வாப்பேட்டைப் பக்கம் திரூரில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.கே.எம். 6 என்ற ரகம்தான், ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்க விளைந்த ஐ.ஆர். 20க்குப் பெற்றோரில் ஒன்று. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் பார்த்த நிலம் இது. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் பாய்ந்த வயல்களில் இன்று நாங்கள் குடியிருக்கிறோம். மிச்சமிருக்கும் வயலில் விளைவதை வாங்கிக்கொள்ள ஒரு பெருநகரமே பக்கத்தில் இருக்கிறது. செங்குன்றத்து அரிசி ஆலைகள் ஒரு மணி நேரத் தூரம். ஆனாலும் விளைவித்தவருக்கும் விலைக்கும் நடுவில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த மே மாதத்தில் என் வீட்டுக்கு வாங்கிய இட்லி அரிசி கிலோ 44 ரூபாய். 26 கிலோ பை. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் கட்டி விற்கும் அரிசிக்கு 5 சத ஜி.எஸ்.டி. வந்தபின் பைகள் ஒரு கிலோ பெருத்துவிட்டன, எல்லோருக்கும் தெரியும். அரசுக் கணக்குப்படி 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ. அண்ணனின் 80 கிலோ மூட்டை 54 கிலோ அரிசியாகி, என் கடைக்காரர் விலையில் 2,376 ரூபாய் ஆகிறது. தவிடும் உமியும் தனி. ஆலைச் செலவு, லாரி, கடை வாடகை என்று நடுவில் நியாயமான செலவுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவருடைய பங்கு 1,350இல் நின்றதற்கு அந்தச் செலவுகள் காரணமில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பிரதமரின் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக என் கணக்குக்கு வருகிறது. பட்டா என் பேரில் இருப்பதால் வருகிறது. உழுகிறவருக்கு அது கிடையாது. அதில் ஒரு பைசா அவருக்குக் கொடுத்ததில்லை. கேட்கவும் மாட்டார்.

மனது பொறுக்காமல் அக்காவிடம் சொன்னது ஆகஸ்டில். அவள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, “என்னை எப்போடா கேட்ட நீ? என் பேரைச் சொல்லியா அவரை இத்தனை வருஷம் அலைய விட்ட?” என்றாள். அப்பா படுக்கையில் கிடந்தபோது மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்து வந்தவர் யார் என்று ஞாபகப்படுத்தினாள். அதன்பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஊருக்குப் போனேன். அவர் வரப்பில் இருந்தார். வீட்டுக்கு வாங்க அண்ணே, பேச வேண்டும் என்றேன். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிட்டாவை யாரிடம் கொடுத்தேன், எவ்வளவு வாங்கினேன், அக்காவைக் கேட்காமலே கேட்டதாகச் சொன்னது, எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “தெரியும் தம்பி. லோடு ஏத்துறப்பவே வியாபாரி சொல்லிட்டாரு, உங்க பேர்லதான் போகுதுன்னு” என்றார். மே மாதத்திலிருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் குத்தகைப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஏன் கேட்கவில்லை என்றேன். “கேட்டா நிலத்தை விடுன்னு சொல்லுவீங்க” என்றார்.

என் பயத்துக்காக நான் அவரை ஏமாற்றினேன். அவர் பயத்தில் பேசாமல் இருந்தார். இரண்டு பயமும் ஒன்றில்லை. எனக்கு அம்பத்தூரில் வீடு இருக்கிறது.

31,000 ரூபாய் கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். பரவாயில்லை தம்பி, வேண்டாம் தம்பி என்றெல்லாம் சொல்லவில்லை. அது அவர் பணம். மடியில் வைத்துக்கொண்டு, “இது போன போகத்துக்கு. சம்பாவுக்கு இன்னா செய்யலாம்?” என்றார். அடுத்த வாரம் அக்காவும் நானும் கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தோம். இன்னார் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறார் என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கொள்முதல் அவர் பேரில், பணம் அவர் கணக்கில். எதிர்பார்த்தது போலவே அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

டிசம்பர் மழையில் வயலில் தண்ணீர் நின்று சம்பா விளைச்சல் குறைந்துவிட்டது. ஆனாலும் 2025–26 பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த 2,500 ரூபாய் விலைக்கே போட்டார். பணம் அவர் பேரில் வந்தது. எனக்குக் குத்தகை கொடுத்தார். இனிமேல் அவர் என்ன விலைக்கு விற்கிறாரோ அந்த விலைக்குத்தான் குத்தகை என்று மாற்றிக்கொண்டோம்.

அதனால் என் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நவரைக்கு முந்தைய போகங்களிலும் அவர் கேட்டார், நான் மறுத்தேன். அந்தப் போகங்களின் வித்தியாசத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. கணக்குப் போட்டால் பெரிய தொகை வரும் என்று தெரிந்து போடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறேன். வியாபாரியிடம் வாங்கிய 3,000 ரூபாயும், அரசு ஆவணத்தில் என் பேரில் ஏறிய அந்தப் பொய்யும் அப்படியேதான் இருக்கின்றன.

எங்கள் மாவட்டத்து எல்லையைத் தாண்டினால் ஆந்திரம். அங்கே 2019இல் பயிர் செய்வோர் உரிமைச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். 11 மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம், குத்தகைதாரருக்கு ஓர் அட்டை. நிலத்தின் மேல் உரிமை எதுவும் மாறாது. விளைச்சலின் மேல் உள்ள உரிமை, கடன், காப்பீடு, கொள்முதல் எல்லாம் பயிர் செய்தவருக்கு. நிலக்காரர்களின் பயத்தைப் புரிந்துகொண்டு எழுதிய சட்டம் என்று நினைக்கிறேன். ஆனால் அதிலும் நிலக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை. போட மறுப்பவர்கள் அங்கேயும் நிறைய. இங்கே 2025இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதிவு செய்தார்கள். அதுவும் பட்டாவை வைத்துத்தான். அண்ணனைப் போன்றவர்கள் அரசாங்கத்தின் கண்ணில் இன்னும் விவசாயி ஆகவில்லை. வயலில் யார் நிற்கிறார் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். நிலக்காரரின் தயவுக்குக் காத்திராமல், பயிரைக் கண்ணால் பார்த்து, அதைப் பயிரிட்டவர் பேரில் சான்று கொடுக்க அரசு வழி செய்ய வேண்டும். என்னைப் போன்றவர்களின் நல்ல மனதை நம்பி ஒருவருடைய அறுவடையை விட்டுவைக்கக் கூடாது. நான் எவ்வளவு காலம் இழுத்தடித்தேன் என்பதே அதற்குச் சான்று.

சட்டம் வருகிறவரைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் ஒருவருக்குத் திருநின்றவூரிலோ வெள்ளவேட்டிலோ பெரியபாளையத்திலோ அப்பா பேரில், தாத்தா பேரில் நிலம் இருக்கலாம். அதில் வேறொருவர் நெல் போட்டிருக்கலாம். அவர் உங்களிடம் சிட்டா கேட்டிருக்கலாம், நீங்களும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். நவரை அறுப்பு ஏப்ரலில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு நாள் ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.